செவித்திறன் குறைந்த பிறகும் ஹெட்ஃபோனில் பாட்டு: ஈக்வலைசரைக் காதுக்கு ஏற்ப அமைப்பது எப்படி?

எனக்கு இரண்டு காதிலும் உச்ச அதிர்வெண் ஒலிகள் குறைந்துவிட்டன. வயலின் கேட்கும், வில் கம்பியில் உரசும் அந்த மெல்லிய இழை கேட்காது. பாடகர் பாடுவது கேட்கும், 'பாசம்' என்றாரா 'பாதம்' என்றாரா என்று பிரியாது. வால்யூமைக் கூட்டினால் பேஸ் எனப்படும் கனத்த கீழ் ஒலிதான் மண்டையை இடித்தது. பல வாரம் முட்டி மோதியபின் இப்போது மறுபடியும் பாட்டோடு உட்கார முடிகிறது. அந்த வழியை எழுதிவைக்கிறேன். ஈக்வலைசர் என்பது ஒவ்வொரு அதிர்வெண்ணின் அளவையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி.

அதற்கு முன் ஒன்று. ஓரிரு நாளில் திடீரென்று காது கேட்காமல் போயிருந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அதில் நாள் கடத்தக் கூடாது.

படி 1: ஆடியோகிராம்

செவிப் பரிசோதனை செய்துகொண்டு, அதன் முடிவை வரைபடமாகக் காட்டும் ஆடியோகிராம் தாளைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கிடைமட்டத்தில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, செங்குத்தில் டெசிபல். புள்ளி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு இழப்பு. என்னுடையது 1000 வரை கிட்டத்தட்ட சரி, 2000-இல் 40 டெசிபல், 4000-இல் 60, 8000-இல் 70.

பியானோவின் கடைசிக் கட்டையே சுமார் 4186 ஹெர்ட்ஸ்தான். அதனால் என்னைப் போன்றவர்களுக்கு மெட்டு பெரும்பாலும் சேதமில்லாமல் கேட்கும். போவது மேற்சுரங்கள், அதாவது ஒரு வாத்தியத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மினுமினுப்பு. நாம் மீட்கப் பார்ப்பது அதைத்தான்.

படி 2: ஹெட்ஃபோன்

காதை முழுக்க மூடும், பின்பக்கம் அடைத்த, வயர் உள்ள ஹெட்ஃபோன். இதுதான் என் தேர்வு. வெளிச் சத்தம் குறைந்தால் வால்யூமைக் கூட்டும் ஆசையும் குறையும். மண்டை எலும்பின் அதிர்வாக ஒலியைக் கடத்தும் எலும்பு வழி ஹெட்ஃபோனைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருந்தால் அது உதவும். உட்காது நரம்பு வகை இழப்புக்கு உதவாது, ஏனென்றால் ஒலி எந்த வழியாகப் போனாலும் கடைசியில் சேர்வது அதே உட்காதில்தான்.

படி 3: மென்பொருள்

விண்டோஸில் 'ஈக்வலைசர் ஏபிஓ', அதன்மேல் 'பீஸ்' என்ற முகப்பு. இரண்டும் இலவசம். இடது, வலது காதுக்குத் தனித்தனி அளவு வைக்கலாம் என்பதால் வேறு எதையும் நான் தேடவில்லை. ஆண்ட்ராய்டில் 'வேவ்லெட்' நன்றாக இருக்கிறது. சாம்சங் போனில் 'அடாப்ட் சவுண்ட்' உங்கள் காதைச் சோதித்துத் தானே அமைத்துக்கொள்ளும். ஐபோனில் ஆக்சசிபிலிட்டிக்குள் 'ஹெட்ஃபோன் அகாமடேஷன்ஸ்' இருக்கிறது, ஆடியோகிராமையே அதில் கொடுக்கலாம். ஆனால் அது ஏர்பாட்ஸ், இயர்பாட்ஸ், சில பீட்ஸ் மாடல்கள் என்ற வட்டத்தைத் தாண்டாது.

படி 4: எவ்வளவு கூட்டுவது? (நான் சறுக்கியது இங்கேதான்)

4000-இல் 60 டெசிபல் குறைகிறது, எனவே 60 கூட்டினால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். ஸ்லைடர் அவ்வளவு போகவில்லை, போன மட்டும் தள்ளினேன். டிரம்ஸின் சிம்பல் (உலோகத் தட்டு) முதலில் ஒலித்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தேன். காதில் ஊசி இறங்கியது போல வலி.

காரணம் இது. உட்காது பழுதானால் மெல்லிய ஒலிதான் கேட்காமல் போகிறது. பெரிய ஒலி மற்றவர்களுக்குக் கேட்பதைப் போலவே பெரிதாகத்தான் கேட்கும். 100 டெசிபல் அளவுக்கு விரிந்திருந்த இடம் எனக்கு 40-ஆகச் சுருங்கியிருக்கிறது. அந்த இடுக்குக்குள் முழு 60-ஐயும் ஏற்றினால் வலிக்காமல் என்ன செய்யும்? காது கருவித் துறையில் இழப்பில் பாதியளவு மட்டும் கூட்டும் விதியை 1940களிலேயே சாமுவேல் லைபார்கர் சொல்லிவிட்டார். அதுவும் பேச்சுக்கு. பாட்டுக்குக் கால் பங்கில் தொடங்குங்கள்.

நான் 2000-இல் 10, 4000-இல் 15 என்று வைத்தேன். முதல் சில நாள் எல்லாப் பாட்டும் தகரத்தில் தட்டியது போல இருந்தது. மாற்றாமல் இரண்டு வாரம் பொறுத்தேன். மூளை பழகியது. பிறகு மெல்ல மெல்ல 13, 20 வரை ஏற்றினேன். 8000-இல் இழப்பு இன்னும் அதிகம், ஆனாலும் 20-ஐத் தாண்டவில்லை. அந்த இடத்து உணர்செல்கள் செத்துப்போயிருந்தால் எவ்வளவு கூட்டினாலும் இரைச்சல்தான் வரும், சுரம் வராது. கூட்டக் கூட்டத் தெளிவு குறைகிறதா? அங்கேயே நிறுத்துங்கள்.

படி 5: ப்ரீஆம்ப்பைக் குறையுங்கள்

ப்ரீஆம்ப் என்பது ஈக்வலைசரில் ஒட்டுமொத்த ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர். இதை மறந்தால் மேலே செய்தது அத்தனையும் வீண். பாட்டுக் கோப்புகள் ஏற்கெனவே உச்சத்தை ஒட்டித்தான் பதிவாகியிருக்கும். அதற்குமேல் 20 டெசிபல் கூட்டினால் அலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். எங்கே அதிகம் கூட்டினீர்களோ அந்த அளவை ப்ரீஆம்ப்பில் கழியுங்கள். எனக்கு மைனஸ் 20.

இப்போது ஒட்டுமொத்தச் சத்தம் இறங்கிவிடும். 20 டெசிபல் என்றால் 100 மடங்கு திறன், அதை ஈடுகட்ட போனின் சின்ன ஆம்ப் திணறலாம். தனி யூஎஸ்பி டாக்-ஆம்ப் (டிஜிட்டல் ஒலியை மாற்றிப் பெருக்கி ஹெட்ஃபோனுக்குத் தரும் சிறு கருவி) வாங்குவதில் அர்த்தம் இருப்பது இங்கேதான். ஹெட்ஃபோனைவிட அதற்கு முதலில் செலவு செய்யுங்கள் என்பேன்.

மிச்சமிருக்கும் செவித்திறனைக் காப்பதும் நம் கையில்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபலில். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்.

பிற்சேர்க்கை 1: ஒரு காது மட்டும் கேட்கும் வாசகர் ஒருவர், பழைய பாட்டுகளில் குரலே வரவில்லை என்று எழுதியிருந்தார். ஸ்டீரியோ வந்த புதிதில் குரலை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறுபக்கமும் தள்ளிப் பதிந்த இசைத்தட்டுகள் உண்டு. போனில் ஆக்சசிபிலிட்டிக்குள் 'மோனோ ஆடியோ'வை இயக்குங்கள், இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். எனக்கு இது தோன்றவே இல்லை, அவருக்கு நன்றி.

பிற்சேர்க்கை 2: காது கருவியோடு ஹெட்ஃபோன் போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போடலாம். கருவியின் மைக் காதுக்குப் பின்னால் இருந்தால் அதையும் சேர்த்து மூடும் ஆழமான கப் வேண்டும். கருவியே ஒலியைக் கூட்டுவதால் ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள். புல்லாங்குழலின் நீண்ட சுரம் நடுங்குகிறது என்றால் கருவி அதை, தானே சில சமயம் எழுப்பும் விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கிறது. ஆடியாலஜிஸ்ட்டிடம் (செவித்திறன் நிபுணர்) இசைக்கென்று தனி புரோகிராம் கேளுங்கள்: இரைச்சல் நீக்கம், அதிர்வெண் இறக்கம் (உச்ச ஒலிகளைக் கீழ் அதிர்வெண்ணுக்கு மாற்றுவது) இரண்டும் அணைந்திருக்க வேண்டும், விசில் தடுப்பு முடிந்த அளவு குறைந்திருக்க வேண்டும். போகும்போது உங்கள் ஹெட்ஃபோனையும் நன்றாகப் பழகிய ஒரு பாட்டையும் கையோடு கொண்டுபோங்கள், அங்கேயே போட்டுக் கேட்டுத் திருத்தச் சொல்லலாம்.