தவக்காலச் செபத்துக்கு ஆறு வசனம் போதும்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கியதும் விவிலியம் (பைபிள்) முழுவதையும் முடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். மனம் துவண்டிருக்கும் நேரத்தில் நீண்ட வாசகங்கள் உள்ளே இறங்காது. அதற்குப் பதில் விவிலியத்தின் திருப்பாடல்கள் (சங்கீதம்) நூலிலுள்ள திருப்பாடல் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே ஆறு வசனம்தான்.

வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். முதல் இரண்டு வசனங்களில், இதைப் பாடும் தாவீது அரசர் ‘இன்னும் எத்தனை நாள்?’ என்று கடவுளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். கடவுளிடம் இப்படிக் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம், விவிலியமே கேட்கிறதே! அடுத்த இரண்டும் மன்றாட்டு. நான்காவது வசனம் முடிந்ததும் நிறுத்தி, உங்கள் கவலையைச் சொல்லுங்கள்: கைக்கு வந்த மருத்துவ அறிக்கையோ, கடனோ, பேசாமல் விலகிப்போன பிள்ளையோ, எதுவானாலும் சரி. அழகான சொற்களைத் தேட வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அப்புறம் கடைசி இரண்டு வசனங்களுக்குப் போங்கள். தாவீதை வாட்டும் எதிரி விலகிவிட்டான் என்று அங்கே எழுதியிருக்காது. ஆனாலும் நம்புகிறேன், பாடுவேன் என்கிறார்.

வாரம் முழுக்க இதே பாடல் போதும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள், இரட்டிப்பாக வாசித்து ஈடுகட்ட வேண்டியதில்லை. அடுத்த வாரத்துக்குத் திருப்பாடல் 130 நன்றாகப் பொருந்தும். அதுவும் எட்டே வசனம்.