வெளிநாட்டு மானியம்: நம் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சமூக அமைப்பின் பொருளாளர் அக்கா, போன மாதம் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து என் முன்னால் வைத்தார். ஓராண்டு ரசீதுகள். பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். கடை பில் அச்சாகும் தாள் சூடு பட்டால் மங்கிவிடும். பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வாங்கியது உண்மை, ஆனால் காட்ட ஆதாரம் இல்லை. மானியம் தந்த வெளிநாட்டு அமைப்பு அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்டிருந்தது. அக்காவுக்குப் பேச்சே வரவில்லை.

பில் கைக்கு வந்த அன்றே கைப்பேசியில் படம் எடுங்கள். எதற்கான செலவு என்றும் குறித்து வையுங்கள்.

அடுத்தது, யாருக்கான பணம் என்று பார்க்காமல் விண்ணப்பம் எழுதுவது. ‘நாடுகளுக்கிடையே ஏற்றத்தாழ்வைக் குறைக்க’ என்ற வரியைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிடுகிறது. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் மூன்றும் சேர்ந்து தரும் மானியத்தின் நோக்கமும் அதுதான். 2014–2021 காலகட்டத்துக்கு மட்டும் 280 கோடி யூரோ. ஆனால் அது போலந்து, ருமேனியா, பல்கேரியா போன்ற 15 ஐரோப்பிய நாடுகளுக்கு. அதற்கு விண்ணப்பம் எழுதி இரவெல்லாம் கண்விழிப்பது வீண். தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள்.

மலேசியா உலக வங்கியின் கணக்கில் உயர் நடுத்தர வருமான நாடு. ‘உங்கள் அரசாங்கத்திடமே பணம் இருக்கிறதே’ என்ற கேள்வி கட்டாயம் வரும். ‘இந்தியச் சமூகம் பின்தங்கியுள்ளது’ என்ற ஒரு வரி அதற்குப் பதிலாகாது. பி40 (வருமானத்தில் கீழ்மட்ட 40 விழுக்காட்டுக் குடும்பங்கள்) என்றால் ஜெனிவாவில் உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு என்ன தெரியும்? உங்கள் பிபிஆர் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு வீடமைப்பு) அடுக்குமாடியில் எத்தனை பிள்ளைகள் படிவம் 3-க்குப் பிறகு பள்ளிக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை என்று எழுதுங்கள். வீடு வீடாகப் போய் எண்ணியது நீங்கள்தானே, அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகம்.

நாணய மாற்றில் பலர் அடிபடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு அமெரிக்க டாலர் ஏறக்குறைய 4.80 ரிங்கிட். செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு இறங்கியது. 30,000 டாலர் மானியம் என்றால் 20,000 ரிங்கிட் காணாமல் போகிறது. டியூஷன் ஆசிரியரின் அலவன்ஸை அந்தப் பணத்தை நம்பித்தான் போட்டிருப்போம். டாலருக்குச் சற்றுக் குறைந்த விலை வைத்துக் கணக்குப் போடுங்கள். தவணையாக வரும் பணம் என்றால் இன்னும் கவனம் தேவை.

சம்பளத்துக்குத் தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானிய அரசின் அடித்தட்டு மானியம் கட்டடம், கருவி போன்றவற்றுக்குத்தான் கிடைக்கும், சம்பளத்துக்கு அல்ல.

கடைசியாக ஆர்.ஓ.எஸ்., அதாவது சங்கங்களின் பதிவிலாகா. ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையை அங்கே அனுப்ப வேண்டும். செயலாளர் மாறினார், கடவுச்சொல் தொலைந்தது என்று இரண்டு ஆண்டு விட்டுப்போன சங்கங்கள் பட்டர்வொர்த்திலும் உண்டு, பிரிக்பீல்ட்ஸிலும் உண்டு. விண்ணப்பத்தின் முதல் வரியை எழுதும் முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.