ஈரச் சுவரும் முன்பணமும்

குன்னூரில் எங்கள் வீட்டைக் காலி செய்த குடும்பத்தின் முன்பணத்தில், கருத்துப்போன சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவைப் பிடித்துக்கொள்வேன் என்று நான் சொன்னபோது, “ஐப்பசி மழையில் சுவர் ஊறியதற்கு நாங்கள் என்னங்க செய்வோம், அண்ணா?” என்று அந்த அம்மா கேட்டார். அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். விரல் பட்டதும் காரை பொலபொலவென உதிர்ந்தது, மேலே கூரைத் தகடு இணையும் இடத்திலிருந்து நீர் இறங்கிய தடம் தெரிந்தது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தை அதன் பிறகே முழுமையாகப் படித்தேன். வேறு உடன்பாடு இல்லையென்றால் வெள்ளையடிப்பதும் கட்டட அமைப்பைப் பழுதுபார்ப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், கீசர் பழுது, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. முன்பணத்தை முழுவதுமாக ஒரு மாதத்துக்குள் திருப்பித் தந்து, கையெழுத்துப் பெற்றுக்கொண்டேன். பிறகு கூரையைச் சரிசெய்தேன்.

அடுத்துக் குடிவந்தவர்களுடன் எழுத்து ஒப்பந்தம் செய்து, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்தேன். முன்பணம் மூன்று மாத வாடகைதான். ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து இருவரும் கையொப்பமிட்டோம். இந்த மலையில் அதுதான் மிக முக்கியம் என்பேன். வாடகை தாமதமானாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்பதையும், வீட்டைப் பார்க்கச் செல்லுமுன் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் இப்போது தவறாமல் கடைப்பிடிக்கிறேன்.