பொருநைக் கரையில் மூன்று நாள்

டிசம்பர் லீவுக்கு வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போடுமுன் ஒரு வார்த்தை. பொருநை என்கிற தாமிரபரணியைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் பொங்கலை ஒட்டி வாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் பயணிகளோடு ரயிலே மாட்டிக்கொண்டது. தை பிறந்துவிட்டால் மழை விட்டிருக்கும், ஆறு தெளிந்திருக்கும், பிசானப் பருவத்து நெல் பச்சை கட்டி நிற்கும்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடும்வரை ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான். திருநெல்வேலியில் ரூம் போட்டு, வண்டி பேசி, ஒரு நாள் மேற்கே, ஒரு நாள் கிழக்கே போய்வரலாம். சென்னை எழும்பூரிலிருந்து வந்தே பாரத் இருக்கிறது. விமானம் என்றால் தூத்துக்குடி வாகைக்குளம்.

கோயில்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்கச் சாயங்காலம் ஆகும். ஊர்க்காரனான நானே இதில் சறுக்கியிருக்கிறேன். டொராண்டோவிலிருந்து வந்த சித்தி குடும்பத்தைக் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். இன்னொரு காபி, இன்னொரு காபி என்று கிளம்பிப் போய்ச் சேர மணி பன்னிரண்டேகால். கதவில் பூட்டு. சித்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மறுநாள் எட்டு மணிக்கே போய் நின்றோம். நாகாஸ்திரத்தோடு நிற்கும் கர்ணன் சிலை முன்னால் சித்தி அசையவில்லை. கல்லில் நரம்பு புடைத்திருக்கிறது, விரல் நகம் தனியாகத் தெரிகிறது. நாயக்கர் காலத்துக் கைவேலை.

ஆகவே கிழக்கு நாளை இப்படி வையுங்கள்: காலையில் கிருஷ்ணாபுரம், உச்சி வெயிலுக்கு அதே திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டிய பரம்பு அது, பழங்கால இடுகாட்டு மேடு. இப்போது அகழ்ந்த குழிமேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள், காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள். வெயில் தாழ்ந்ததும் ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் அமர்ந்த புளியமரம்.

மேற்கே பாபநாசம், அகத்தியர் அருவி. புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை செக்போஸ்டில் பையைப் பார்ப்பார்கள். சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக்கை ரூமிலேயே விட்டு வாருங்கள். பாபநாசம் படித்துறையில் குளித்த துணியை ஆற்றில் விடச் சொல்வார்கள். பாவம் போகிறதோ இல்லையோ, துணி கல்லிடுக்கில் சிக்கி அங்கேயே மக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மூன்றாம் நாள் டவுனுக்கு. 1843-ல் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டிய பாலத்தில் காலாற நடந்துவிட்டு, நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூண்களைப் பாருங்கள். எதிரே இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், வரிசை நீளும். ஆளுக்குக் கால் கிலோ அல்வாவாவது வாங்காமல் நகராதீர்கள்.

பத்தமடைப் பாயை மேற்கே போய்த் திரும்பும் வழியிலேயே வாங்கிவிடலாம். சன்ன ரகம் துணி மாதிரி மடியும், சூட்கேஸில் அடங்கும். சின்னக் கடைகளில் வெளிநாட்டு கார்டு செல்லாது, ஜிபே உங்களிடம் இருக்காது. நோட்டாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சில்லறையும்.