பழைய ப்ரோட்டோன் சாகா, இஸ்வாரா காடியில கிளச் உதறுதா? கியர்பாக்ஸை எறக்குறதுக்கு முன்னால இதைப் பாருங்க

காலையில தோட்டத்து கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு ஏர்ற மேட்டுல, முன்னால செம்பனைக் குலை ஏத்துன லோரி நிக்கும், நீங்க ஃபர்ஸ்ட் கியர்ல கிளச்சை மெதுவா விடுவீங்க, காடி மொத்தமும் கடகடன்னு உதறும், பக்கத்துல உக்காந்திருக்கிற அம்மா கதவைப் புடிச்சிக்குவாங்க. கொஞ்சம் வேகம் வந்துட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். சுங்கை சிப்புட் பக்கம் இன்னும் நெறைய வீட்டுல பழைய சாகாவும் இஸ்வாராவும்தான் ஓடுது, அதான் எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன்.

கிளச் புடிக்கிறப்ப உள்ள இருக்கிற ப்ளேட்டு (என்ஜின் சுத்துறதை கியர்பாக்ஸுக்குக் கடத்துற வட்டத் தட்டு) கொஞ்ச நேரம் ஒரே சீரா வழுக்கிட்டு அப்புறமா இறுகணும். உதறுதுன்னா அது புடிச்சி வழுக்கி, புடிச்சி வழுக்கி போகுதுன்னு அர்த்தம். அதுக்குக் காரணம் ப்ளேட்டுலயும் இருக்கலாம், ப்ளேட்டுக்கு வெளியவும் இருக்கலாம், இதை மறந்துட்டுத்தான் நம்ம ஆளுங்க காசை விடுறாங்க. நானும் விட்டேன். என் இஸ்வாராவுக்கு ஒரு வொர்க்‌ஷாப்புல புது கிளச் செட் போட்டாங்க, மறுநாளே அதே மேட்டுல அதே உதறல். கடைசியில தோட்டத்துல ட்ராக்டர் பாத்துக்கிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர்தான், "ப்ளேட்டைக் குத்தம் சொல்றதுக்கு முன்னால ரப்பரைப் பாருடா தம்பி"ன்னு சொல்லி பானெட்டைத் தொறந்தாரு. கியர்பாக்ஸைப் பாடியோட தாங்கிப் புடிக்கிற மவுண்டிங் ரப்பர் ரெண்டா கிழிஞ்சி கெடந்துச்சி.

மொதல்ல எப்ப உதறுதுன்னு கவனிங்க. கிளச்சை முழுசா விட்டு ஓடுறப்பவும் உதறுனா அது கிளச் இல்ல, ட்ரைவ்ஷாஃப்ட், டயர், இல்லாட்டி என்ஜின் ஒரு சிலிண்டர்ல சரியா எரியாம இருக்கும். ராத்திரி முழுக்க மழை பேஞ்சி காலையில மட்டும் நாலஞ்சி தடவை உதறிட்டு நின்னு போச்சின்னா ஃப்ளைவீல்ல (ப்ளேட்டு அழுத்திப் புடிக்கிற, என்ஜினோட சுத்துற கனமான சக்கரம்) லேசா துரு படிஞ்சிருக்கும், நம்ம ஊர் ஈரத்துக்கு அது சகஜம், விட்டுடுங்க. கார்ப்பரேட்டர் காடியில ஐடில் (காடி நிக்கிறப்ப என்ஜின் சுத்துற வேகம்) ரொம்ப கம்மியா இருந்தாலும் உதறும், ப்ளக்கும் ஐடிலும் சரி பண்ணிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க.

அடுத்தது மவுண்டிங். சமமான எடத்துல காடியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வச்சி, ஹேண்ட்பிரேக்கை நல்லா இழுத்து, காடிக்கு முன்னாலயும் பின்னாலயும் யாரும் இல்லாம பாத்துக்குங்க. ஒருத்தர் உள்ள உக்காந்து கால்பிரேக்கையும் மிதிச்சிக்கிட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல கிளச்சை புடிக்கிற எடம் வரைக்கும் மட்டும் விடணும், அப்புறம் ரிவர்ஸ்லயும் அதே மாதிரி. இன்னொருத்தர் பக்கவாட்டுல நின்னு என்ஜினைப் பாக்கணும். லேசா அசையும், அது சரி, ஆனா எழும்பி எழும்பி குதிச்சா, டொக்குன்னு சத்தம் வந்தா மவுண்டிங் போச்சி. டார்ச் அடிச்சி ரப்பர்ல வெடிப்பு இருக்கான்னு பாருங்க, எண்ணெய் பட்டு ஊறிப்போன ரப்பர் விரலால அமுக்குனா கொழகொழன்னு உள்ள போகும்.

இந்த காடிங்கள்ல கிளச் கேபிள்தான், எண்ணெய்ல வேலை செய்யுற சிஸ்டம் இல்ல. பெடலைக் கையால மெதுவா அமுக்கிப் பாருங்க, நறநறன்னு தட்டித் தட்டி எறங்குனா உள்ள கம்பி பிஞ்சிருக்கு, கேபிளை மாத்துங்க. என்ஜினுக்கும் பாடிக்கும் போற எர்த் ஒயரையும் சேத்துப் பாருங்க, அது லூசா இருந்தா ஸ்டார்ட் பண்ற கரண்ட் கேபிள் வழியா ஓடி புது கேபிளையும் கருக்கிடும்.

இதெல்லாம் சரியா இருந்தும் உதறுனா கீழ படுத்து கியர்பாக்ஸும் என்ஜினும் சேர்ற எடத்தைப் பாருங்க. அங்க எண்ணெய் சொட்டுனா ஒரு துணியில தொடச்சி மோந்து பாருங்க. கருப்பா சாதாரண எண்ணெய் வாடை அடிச்சா என்ஜின் பின்சீல் (எண்ணெய் வெளிய வராம தடுக்குற வளையம்) போயிருக்கு, கெட்டியா கந்தக நாத்தம் அடிச்சா கியர்பாக்ஸ் சீல். இதைத் தெரிஞ்சிக்காம ப்ளேட்டு மட்டும் மாத்துறது வீண், கொஞ்ச மாசத்துல புது ப்ளேட்டும் எண்ணெய்ல ஊறிடும். எண்ணெய் குடிச்ச ப்ளேட்டை பெட்ரோல்ல கழுவிப் போடலாம்னு சிலர் சொல்லுவாங்க, கேக்காதீங்க, சூடானா உள்ள இருக்கிறது திரும்ப வெளிய வரும்.

கியர்பாக்ஸை எறக்குறது கனமான வேலை, வீட்டு வாசல்ல செய்யுறதா இருந்தா ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகவே போகாதீங்க, ஸ்டாண்ட் கண்டிப்பா வேணும், பேட்டரி நெகட்டிவ்வையும் கழட்டிடுங்க. உள்ள இருக்கிற கருப்புத் தூசியை வாயால ஊதாதீங்க, காத்து பைப்பும் அடிக்காதீங்க, பழைய ப்ளேட்டுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பிரேக் கிளீனர் அடிச்சி ஈரத்துணியால தொடைங்க.

பழைய ப்ளேட்டை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா சூடேறி வறண்டிருக்கு, பாதிக் கிளச்சுலயே மேட்டுல காத்திருந்தா இப்படித்தான் ஆகும். நடுவுல இருக்கிற ஸ்ப்ரிங் விரலால ஆட்டுனா லொடலொடங்குதான்னு பாருங்க. ஃப்ளைவீல்ல நீலநீலமா திட்டு, மயிர் மாதிரி வெடிப்பு இருந்தா மேல மேல மணல்பேப்பர் தேய்ச்சி போடாதீங்க. ஈப்போவுல லேத் வேலை செய்யுற கடைக்குக் கொண்டு போய் ஸ்கிம் பண்ணுங்க, அதாவது மேல்பக்கத்தை லேசா சீவி சமமாக்குங்க, வெடிப்பு ஆழமா இருந்தா மாத்திடுங்க. செட்டா வாங்குங்க, ப்ளேட்டு, கவர் (ப்ளேட்டை ஃப்ளைவீலோட அழுத்துறது), ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிச்சா கவரைத் தள்ளி விடுவிக்கிறது) மூணும், கூடவே கசியுற சீலும். திரும்பத் திரும்ப எறக்குற கூலியைவிட சீல் வெல கம்மி.

போடுறப்ப நெறைய பேரு தவறவிடுற ஒண்ணு, புது கவர்ல துரு புடிக்காம இருக்க எண்ணெய் தடவி வந்திருக்கும், அதை பிரேக் கிளீனர்ல சுத்தமா தொடைக்காம போட்டா புதுசுலயே உதறும். ப்ளேட்டை ஓரத்துல மட்டும் புடிங்க, கிரீஸ் கை படக்கூடாது. ஃப்ளைவீல் பக்கம்னு எழுதியிருக்கிறது ஃப்ளைவீலைப் பாத்து இருக்கணும். ப்ளேட்டு ஏர்ற கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பல்லுல கிரீஸ் ஒரு துளி போதும், ப்ளேட்டை முன்ன பின்ன நகர்த்திப் பாத்துட்டு மிச்சத்தைத் தொடச்சிடுங்க. சென்டர் குச்சி வச்சி ப்ளேட்டை நடுவுல நிறுத்தி, கவர் போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, ஒரு பக்கமா இறுக்குனா கவர் வளைஞ்சிடும், உதறல் திரும்ப வந்துடும். கியர்பாக்ஸை ஏத்துறப்ப அதோட வெயிட்டு ப்ளேட்டு மேல தொங்க விடாதீங்க, வளைஞ்சிடும்.

கியர் எண்ணெய் ஊத்தி, கேபிள்ல கொஞ்சம் ப்ளே (தளர்வு) விட்டு, முதல் 500 கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க. லோரிக்குப் பின்னால மேட்டுல நிக்கிறப்ப நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துக்குங்க.