தாளத்துக்கு ஓடுவது: என் அனுபவம்

ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே என் மூச்சிரைப்பு மட்டும்தான் காதில் கேட்கும், அலுப்பு தட்டிவிடும். பாட்டுப் போட்டும் பெரிதாக மாறவில்லை. குத்துப்பாட்டு வந்தால் கால் தானாக வேகமெடுக்கும், அடுத்த மெலடியில் ஓட்டம் நடையாகிவிடும்.

தாளம் பார்த்துப் பாட்டைப் பொறுக்க ஆரம்பித்த பிறகுதான் வழிக்கு வந்தது. பாட்டில்லாமல் நிதானமாக ஓடி, 30 வினாடியில் வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணினேன். 40 வந்தது. இரண்டு கால், இரண்டு அரை நிமிடம் என்று நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு 160 காலடி. நிமிடத்துக்கு 160 தாளத் தட்டு என்று அவ்வளவு வேகமான பாட்டுகள் குறைவுதான். பரவாயில்லை, நிமிடத்துக்கு 80 தட்டு உள்ள பாட்டும் போதும். ஒரு தட்டுக்கு இரண்டு காலடி. பாட்டின் தட்டைக் கணக்கிட ஆப்கள் இருக்கின்றன, நான் மேசையில் விரலால் தட்டியே பார்த்துவிடுவேன்.

முதலில் மெதுவான பாட்டுகள், உடம்பு சூடாக. ரொம்பப் பிடித்ததைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஓடும்போது தவிர வேறெப்போதும் அதைக் கேட்பதில்லை. எழ மனமில்லாத காலையிலும் இந்தச் சின்ன லஞ்சம் வேலை செய்கிறது. அப்புறம், சாலையில் ஓடினால் ஒரு காதில் மட்டும்தான் இயர்போன். பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்க வேண்டுமே.