வாசல் மணிக்கு ஒரு மின்தேக்கிச் சுற்று

வாசலில் தொங்கும் வெண்கல மணியை ஒரு சோலனாய்டு (மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தண்டை நகர்த்தும் கம்பிச்சுருள்) ஓங்கி அடிக்க வேண்டும். என்னிடமிருந்த 24 வோல்ட் அடாப்டருக்கு அந்த வலு இல்லை. 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தேன். அது ஏறத்தாழ 2.8 ஜூல் சேமிக்கும்; மணிக்கு அது தாராளம்.

100 ஓம் மின்தடை வழியாக மின்னேற்றுங்கள். ஐந்து நொடியில் நிரம்பிவிடும். மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சை 20 மில்லிநொடி மட்டும் இயக்கினால் ஒரே அடி. சோலனாய்டு அணையும்போது எழும் மின்னழுத்தத் தாவலைத் தாங்க, அதற்குக் குறுக்கே டையோடு வைக்க மறந்தேன். முதல் மாஸ்ஃபெட் அன்றே போனது.

மிச்ச மின்னேற்றம் தானாக வடிய, மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே 4.7 கிலோஓம் மின்தடையை நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுங்கள். அடாப்டரைக் கழற்றி நான்கு நிமிடம் பொறுத்து, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். திருப்புளியால் முனைகளைத் தொட்டு மின்னேற்றத்தை இறக்குவது என் பழைய பழக்கம். முனை கருகிய அந்தத் திருப்புளி இன்னும் மேசையில் கிடக்கிறது. கேமரா ஃபிளாஷைப் பிரித்து இதையெல்லாம் பழகாதீர்கள். அங்கே இருப்பது 300 வோல்ட்.